உப்பில் தொங்கிய கதவு

இஸ்ரவேல் தம்முடைய வண்டிப்புரைக்குக் கதவு மாட்டிய அன்று கால்வாய்க்கரைத் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. கதவு என்றால் உள்பக்கம் திறக்கும், இல்லாவிட்டால் வெளிப்பக்கம் திறக்கும். இந்தக் கதவு மேலே போயிற்று. உப்பு விற்று விற்று மனுஷனுக்கு மூளை காய்ந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே பாளையங்கால்வாயை ஒட்டிக் கிடந்த அந்தத் தெருவில் ஒரு வண்டி போனால் எதிரே வருகிற ஆள் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். கதவு வெளியே திறந்தால் தெரு அடைபடும். உள்ளே திறந்தால் வண்டிக்கு இடம் இராது. தூத்துக்குடியில் உப்பு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் ஒரு தூக்குக் கதவைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி ஒன்று தமக்கும் வேண்டும் என்று ஆசாரியைப் படுத்தி எடுத்துவிட்டார். கதவு ஏறுவதற்காக முகப்புச் சுவரையே இரட்டை ஆள் உயரத்துக்கு எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய மரத்தூண்கள். அந்தப் பள்ளத்துக்குள் மடைப்பலகை போல ஏறி இறங்கும் ஒற்றைக் கதவு. கதவின் தலையில் கட்டிய வடம், உத்திரத்து உருளை மேல் ஏறிப் புரைக்குள்ளே இறங்கும். அதன் நுனியில் இரண்டு கல் தொங்கும். கல் இறங்கினால் கதவு ஏறும், கதவு இறங்கினால் கல் ஏறும். இரண்டுக்கும் எடை சரி என்பதால் இஸ்ரவேலின் பெண்சாதி ஜெபகனி இடுப்பில் சாணிக்கூடையை வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் அதைத் தூக்கிவிடுவாள்.

தூக்கியதும் அடியில் முட்டுக்கம்பை நிறுத்த வேண்டும். "முட்டு இல்லாம யாரும் உள்ள தலையை நீட்டப்படாது" என்று மூட்டை சுமக்க வருகிறவர்களிடமெல்லாம் இஸ்ரவேல் வேதவசனம் மாதிரி சொல்லுவார். அந்தக் கதவு ஒருவர் தலையிலும் விழுந்ததில்லை. ஒரு கோழி மட்டும் செத்தது, அதையும் குழம்பு வைத்துவிட்டார்கள்.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் அது. கார்த்திகையில் சபையில் அசனம் வந்தது. ஊர் கூடிச் சமைத்து, சாதி அந்தஸ்து பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு முந்தின வாரம் சபை மூப்பர் நேசையா குடையை மடக்கிக்கொண்டு வந்து வண்டிப்புரையை அண்ணாந்து பார்த்தார்.

"இஸ்ரவேல், போன வருஷம் அடுப்பு சகதியில எறங்கி சாம்பார்க் கொப்பரை சாய்ஞ்சது ஞாபகம் இருக்காவே?"

"மறக்குமா? எனக்குச் சாம்பாரே கிடைக்கலயே."

"அதான் சொல்லுதேன். ஒம்ம கதவுல ரெண்டு கல்லு சும்மா தொங்குது. அசனம் முடியுத மட்டும் அடுப்புக்குத் தாரும். கர்த்தருக்குன்னு நெனைச்சுக்கிடும்."

கர்த்தரின் பேரைச் சொன்ன பிறகு இஸ்ரவேலிடம் 'இல்லை' என்ற சொல் வராது. அன்று சாயங்காலமே கல் இரண்டும் போயின. ஜெபகனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லைக் கொடுத்திட்டிய. இனி கதவைத் தலையிலயா தூக்கி வைப்பிய?"

"ஏட்டி, உப்பு யாவாரி வீட்டுல எடைக்கா பஞ்சம்?"

சொன்னதோடு நிற்காமல் இரண்டு சாக்கில் உப்பை அளந்து ரொப்பி, வாயைத் தைத்து, கல் தொங்கிய இடத்தில் கட்டினார். கதவு முன்னைவிட மெதுவாகவும் சத்தமில்லாமலும் ஏறியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மழைக்காலத்துல உப்பைத் தொங்கவிடலாமா?" என்றாள் ஜெபகனி. "உப்பு விக்கப் போனா மழை பெய்யும்னு சொல்லுவாவ. நீங்க வீட்டுக்குள்ளயே மழையைக் கூப்பிடுதிய."

"ஓட்டுல ஒரு சொட்டு ஒழுகுதா, பாரு. மேல ஓலைப்பாயையும் சுத்தியிருக்கேன். நாலு நாளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் கூரையைப் பார்த்தாள். ஒழுகவில்லைதான். மேலேயிருந்து வருகிற தண்ணீருக்குத்தான் இரண்டு பேரும் பயந்தார்கள். உப்பு வியாபாரத்தில் தண்ணீர் எப்போதும் வானத்திலிருந்துதான் வரும்.

அசனம் அமோகமாக நடந்தது. கொப்பரை சாயவில்லை, ஆட்டுக்கறிக் குழம்பு கடைசிப் பந்தி வரை வந்தது. இஸ்ரவேலின் கல்லை நாலு பேர் மெச்சிப் பேசினார்கள். அன்று இரவு பிடித்த மழைதான், பிறகு விடவே இல்லை. கல்லை யார் தூக்கிக்கொண்டு வருவது? மழை வெறித்து வானம் தெளியட்டும் என்று நேசையா சொல்லி அனுப்பினார்.

ஜெபகனிக்கோ கல்லைப் பற்றி நினைக்க நேரமில்லை. மகள் பியூலா பிள்ளை பெற்றுக் கிடந்தாள். தலைப்பிரசவம், பெண் குழந்தை. மருமகன் சாயர்புரம் பக்கத்தில் உபாத்தியாயர், பரீட்சை முடிந்துதான் வருவார். பிரசவம் லேசில் முடியவில்லை. மருத்துவச்சியே ஒரு கட்டத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிழைத்து வந்த மகளைக் குளிர்காற்று படாமல் அறைக்குள் பொத்தி வைத்திருந்தாள் ஜெபகனி. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் பட்டால் சன்னி கண்டுவிடும். அவளுடைய சொந்தத் தங்கை அப்படித்தான் போனாள். அதனால் உலகத்தில் அவள் பயந்த ஒரே சாமான் குளிர்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி இளகி, நல்லெண்ணெய் மேலே மிதந்து வருகிற பக்குவம். வானம் கறுத்து அடுப்படியில் விளக்கு ஏற்றலாம் போல இருந்தது. அப்போது நூகு ஓடிவந்தார்.

நூகு மேலப்பாளையத்தில் தறி போட்டிருப்பவர். சாயம் ஏற்றுவதற்கு இஸ்ரவேலிடம் உப்பு வாங்குவார், துணிக்கட்டு ஏற்றுவதற்கு இஸ்ரவேலின் வண்டியைக் கேட்பார். இடுப்பு வரை நனைந்து, தொப்பியைக் கையில் பிழிந்துகொண்டு நின்றார்.

"அண்ணாச்சி! கால்வாய் மேல்கரை ஒடைஞ்சிட்டு! எங்க தெருவுல வெள்ளம் பூந்துட்டு. எங்க வீட்டுக்காரி ஜமீலா பீவியையும் பிள்ளைகளையும் பள்ளிவாசல் மாடியில ஏத்திட்டு வாரேன். இங்கனயும் இப்ப வந்திரும்."

"எவ்வளவு தண்ணிவே?"

"நிண்ணு அளக்கவா சொல்லுதீய? வண்டியைப் பூட்டுங்க. மகளை வேதக்கோயில் மேட்டுக்குக் கொண்டு போயிருவோம்."

இஸ்ரவேல் பதறவில்லை. நேராக வண்டிப்புரைக்குப் போய்க் கதவைத் தூக்கினார். உப்புச் சாக்கு இரண்டும் சரசரவென்று இறங்கித் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றன. கதவு உத்திரத்தைத் தொட்டது. முட்டுக்கம்பை மறக்காமல் நிறுத்தினார். அப்போது தெருவில் கணுக்கால் தண்ணீர். தெருவைவிடப் புரையின் தரை பள்ளம், அதனால் உள்ளே அதற்கும் கொஞ்சம் மேல். வண்டியில் பூட்டிய மாடு இரண்டும், மயிலையும் காரியும், காதை விடைத்துக்கொண்டு நின்றன.

"ஏட்டி, பிள்ளையைக் கெளப்பு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

ஜெபகனி கிளப்பினாள். ஆனால் அவள் கிளப்புகிற விதம் வேறு. மகளை உட்கார வைத்து வயிற்றில் பழஞ்சேலையை இறுக்கிச் சுற்றினாள். காதில் பஞ்சு அடைத்தாள். தலைக்கு ஒரு துணி, அதன் மேல் கம்பளி. பிறகு சூட்டோடு களியை உருட்டி வாயில் வைத்தாள்.

"அம்மா, வெள்ளம் வருதுங்காவ. இப்பப் போயி களியா?"

"வெறும் வயித்தோட குளிருல போனா நீ திரும்பி வரமாட்ட. முழுங்கு."

"அய்யா கூப்பிடுதாவம்மா."

"கூப்பிடட்டும். இன்னொரு உருண்டை."

களி தொண்டையில் இறங்குவதற்குள் தண்ணீர் அறைக்குள் நுழைந்துவிட்டது. கட்டிலின் கால் மறைந்தது. அடுப்பு 'சுர்' என்று அணைந்து வீடெல்லாம் ஈரச்சாம்பல் நாற்றம். குளிரை எதிர்த்து நின்றதில் வெள்ளத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று ஜெபகனிக்கு அப்போதுதான் தெரிந்தது. இஸ்ரவேலும் நூகும் கயிற்றுக் கட்டிலோடு பியூலாவைத் தூக்கினார்கள். குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஜெபகனி பின்னால் போனாள். தெருவில் தொடை வரை தண்ணீர், அதிலும் இழுப்பு. ஒரு செம்பும் யாருடையதோ மரக்கட்டைச் செருப்பும் அவர்களை முந்திக்கொண்டு போயின.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஏற்றலாம் என்றார் நூகு. இந்த இழுப்பில் மாடு நிற்காது, புரைக்குள்ளேயே ஏற்றிவிடலாம் என்றார் இஸ்ரவேல். அது சரியாகத்தான் பட்டது. புரைக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றாலும் இழுப்பு இல்லை. பியூலாவை வண்டிக்குள் ஏற்றிக் கூண்டுக்குள் சாய்த்தார்கள். நூகு சக்கரத்துக்குப் போனார். இஸ்ரவேல் மாட்டின் முகத்துக்குப் போனார். ஜெபகனி வடத்தின் அருகே நின்று, மார்பில் கட்டிய முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை மகளிடம் கொடுத்தாள்.

காரி பயந்து காலை உதறியது. தண்ணீர் வாரியடித்து ஜெபகனியின் முகத்தில் விழுந்தது. உதட்டை நக்கினாள்.

கரித்தது.

வேர்வை என்று நினைத்தாள். இந்தக் குளிரில் ஏது வேர்வை? கண்ணீரோ என்னவோ. விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தாள். கால்வாய்த் தண்ணீர் கடல்தண்ணீராகக் கரித்தது. ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு திரும்பிப் பார்த்தாள். கதவு மேலே போனபோது கீழே இறங்கிய உப்புச் சாக்குகள் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தன. கையை விட்டுத் தொட்டாள். மூட்டையாக இருந்தது வயதான பசுவின் மடி மாதிரி துவண்டு கிடந்தது. அடியில் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். களி உருட்டிய நேரமெல்லாம் உப்பு கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் வாசலைப் பார்த்தாள். முட்டுக்கம்பைக் காணோம். கதவும் சாக்கும் எடை ஒத்து நின்றபோது முட்டுக்கு ஒரு பாரமும் இல்லை. பாரமில்லாத கம்பைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கதவு இப்போது நின்றது தூணின் பள்ளத்தில் ஈரத்துக்கு உப்பிய மரத்தின் பிடியில் மட்டும்தான். அதற்குக் கீழே மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் நின்றார்.

"ஏங்க!" என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடியும் கத்தினாள். "ஏங்க, வெளிய வாங்க! உப்பு கரைஞ்சிட்டு! கதவு நிக்காது!"

இஸ்ரவேல் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு முனகிக்கொண்டு ஒரு சாண் இறங்கி நின்றது. மயிலை பின்னால் நகர்ந்தது, வண்டி ஆடியது. கூண்டுக்குள்ளிருந்து பியூலா 'அய்யா' என்று அலறினாள்.

அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று தெரிந்தது. கதவு விழுந்தால் இந்தப் புரைக்கு வேறு வழி கிடையாது. மூன்று பக்கமும் கற்சுவர். தண்ணீர் நெஞ்சுக்கு வரும், கழுத்துக்கு வரும். பூட்டிய மாடு இரண்டும் மிரண்டு துள்ளுகிற இடத்தில் பிள்ளை பெற்றவளும் கைக்குழந்தையும் என்ன ஆவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாராவது கல்லாட்டம் தொங்கணும்" என்றார் இஸ்ரவேல். "வடத்துல ஆள் எடை இருந்தா நிக்கும். நூகு..."

"நான் சக்கரத்தை விட்டா வண்டி சகதியில எறங்கிரும் அண்ணாச்சி. நீங்க மாட்டை விட்டா..."

"மாடு என் கைக்குத்தான் நகரும்."

மீதி இருந்தது ஒரே ஆள். ஜெபகனி ஏற்கெனவே சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டி வடத்தைப் பிடித்து, காலைத் தூக்கிச் சாக்கின் முடிச்சின் மேல் வைத்து ஏறி நின்றாள். கதவு ஒரு விரல் ஏறி அசையாமல் நின்றது.

"போங்க!" என்றாள்.

"ஏட்டி, நீ..."

"போங்கன்னு சொல்லுதேன்! பிள்ளை உள்ள இருக்கு!"

இஸ்ரவேல் கயிற்றை இழுத்தார். நூகு சக்கரத்துக்குத் தோள் கொடுத்து, 'யா அல்லா' என்று உந்தினார். சக்கரம் நகரவில்லை. இன்னொரு தரம். நகர்ந்தது. மாட்டின் கொம்பு வாசலைத் தாண்டியது. நுகத்தடி தாண்டியது. கூண்டின் முகடு கதவின் அடியில் உரசியது. ஜெபகனி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் கதவு விழுந்துகொண்டே இருந்தது. 'இயேசுவே, இப்ப வேண்டாம். இப்ப வேண்டாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கூண்டு ஓலை கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டி இழுப்புக்குள் இறங்கிய சத்தம்.

கண்ணைத் திறந்தபோது புரை காலியாக இருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு அப்பால் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது. மகள் பிழைத்தாள். அந்த நினைப்பில் வந்த நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. கதவு மறுபடியும் இறங்கியது.

அவள் பிடியை விடவில்லை. ஆனால் தண்ணீர் இடுப்பைத் தாண்டி மார்புக்கு வந்திருந்தது. கிணற்றில் குளிக்கிறபோது உடம்பு மிதப்பது போல அவளுடைய உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஏற ஏற அவளுக்கு எடை குறைந்தது. எடை குறையக் குறையக் கதவு இறங்கியது. கல்லுக்கு இந்த அளவு கஷ்டம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை மாற்றி மாற்றி மேலே ஏறினாள். தண்ணீரைவிட்டு வெளியே வந்த அளவுக்கு எடை கிடைத்தது. நார்வடம் உள்ளங்கையை அறுத்தது.

"பியூலா, கயித்தை இழுத்துப் பிடி! விட்டிராத!" என்று இஸ்ரவேலின் குரல் கேட்டது. மடியில் பிள்ளையோடு பியூலா மாட்டின் பிடிகயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இஸ்ரவேல் தண்ணீரை உழுதுகொண்டு வாசலுக்குத் திரும்பினார். கதவின் அடி அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஜெபகனி! விட்டுட்டு ஓடியா! விழுறதுக்குள்ள வந்திரலாம்!"

அவள் தூரத்தைப் பார்த்தாள். நெஞ்சளவு தண்ணீரில் ஓட்டம் ஏது? நாலு எட்டு எடுத்து வைப்பதற்குள் கதவு வந்துவிடும், அதுவும் தன் முதுகின் மேலேயே வரும்.

"முடியாதுங்க. விட்டா உடனே விழும்."

"அப்ப நான் தாங்குதேன்."

அவர் கதவின் அடியில் புகுந்து முதுகைக் கொடுத்தார். முட்டில்லாமல் தலை நீட்டக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்.

"விலகுங்க! உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? முதுகு முறிஞ்சிரும்!"

"முறிஞ்சா முறியட்டும். நூகு! எதையாவது கொண்டாரும்வே, முட்டுக்கு!"

"என்னத்தைக் கொண்டார, எல்லாம் மிதந்து போவுதே!"

"உலக்கை!" என்று ஜெபகனி மேலேயிருந்து கத்தினாள். "அடுப்படி மூலையில, பூண் போட்ட உலக்கை! சுவத்து வளையத்துல மாட்டியிருக்கு, மிதக்காது!"

நூகு போனார். அவர் போன நேரம் எவ்வளவு என்று பிற்காலத்தில் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஜெபகனிக்கு அது அவளுடைய பிரசவத்தைவிட நீளமாக இருந்தது. மழை ஓட்டின் மேல் கொட்டியது. இஸ்ரவேலின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. வாய் வரைக்கும் தண்ணீர், மூக்கைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டார். அவள் வடத்தில் வௌவால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, விலகிப் போயிருங்க. பியூலாவுக்கு நீங்களாவது வேணும்."

"பேசாம தொங்குட்டி."

"பயமா இருக்குங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"எனக்கும்தான்" என்றார் இஸ்ரவேல்.

நூகு உலக்கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தார். கதவுக்கும் நிலைக்கல்லுக்கும் நடுவே அதை நேராக நிறுத்தி, தாமும் கட்டிப்பிடித்துக்கொண்டார். இஸ்ரவேல் பைய முதுகை எடுத்தார். கதவு உலக்கையின் மேல் உட்கார்ந்தது. உலக்கை நடுங்கியது, ஆனால் நின்றது.

"ஜெபகனி, முட்டு வச்சாச்சு. விடு."

அவள் விடவில்லை.

"விடு, ஏட்டி! தண்ணி ஏறுது!"

"விட்டா விழுந்திரும்."

"விழாது. உலக்கை நிக்கி, பாரு."

"முன்ன வச்ச முட்டும்தான் நிண்ணுச்சு" என்றாள். பல் கிடுகிடுத்தது. விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. அவள் சொன்னதை அது கேட்கவில்லை.

இஸ்ரவேல் உலக்கையைப் பார்த்தார், நூகைப் பார்த்தார். பிறகு குனிந்து கதவுக்கடியில் புகுந்து உள்ளே வந்தார். வடத்தை எட்டி அவள் இடுப்பை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் அவளுடைய விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல், மோதிரவிரல். பிரித்த விரல் மறுபடியும் மூடியது. திரும்பவும் பிரித்தார். அவள் குழந்தை மாதிரி அழுதாள்.

"அண்ணாச்சி, சீக்கிரம்! உலக்கை வழுக்குது!" என்றார் நூகு.

கடைசி விரல் விட்டது. கதவின் பாரம் முழுக்க உலக்கைக்கு வந்தது. மரம் 'கிறீச்' என்றது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் முங்கிக் கதவின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தார்கள். நூகும் உலக்கையை விட்டுவிட்டுப் பாய்ந்தார். பின்னால் விழுந்த சத்தத்துக்கு மாடு இரண்டும் துள்ளின, தெருத் தண்ணீர் எழும்பி மூன்று பேர் முதுகிலும் அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயில் மேட்டில் அசனப் பந்தல் சரிந்து கிடந்தது. கோயிலுக்குள் ஊரே இருந்தது. பெஞ்சின் மேல் ஆடு, பலிபீடப் படியில் கோழிக்கூண்டு. நேசையா ஒவ்வொருவருக்கும் இலைத் தொன்னையில் சுடுகஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஜெபகனியின் கோலத்தைப் பார்த்து இன்னொரு தொன்னைக் கஞ்சியும் வைத்துவிட்டுப் போனார். இஸ்ரவேல் சுவரில் சாய்ந்தபடி முதுகைத் தடவிக்கொண்டார். நிமிர முடியவில்லை.

"உப்பு யாவாரிக்கு உப்பு தண்ணியில கரையும்னு தெரியலயே அண்ணாச்சி" என்றார் நூகு. சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார்.

"நான் கல்லைக் கொடுத்திருக்கப்படாது" என்றார் இஸ்ரவேல்.

"நான் களி கிண்டியிருக்கப்படாது" என்றாள் ஜெபகனி.

அதற்கு மேல் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பியூலாவுக்குக் காய்ச்சல் இல்லை. காதில் பஞ்சு அப்படியே இருந்தது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிற்று.

"அம்மா, கொஞ்சம் பிள்ளையைப் பிடி. கை கடுக்குது, மாட்டுக் கயித்தைப் பிடிச்சது."

ஜெபகனி கையை நீட்டினாள். இரண்டு கையும் மூடியிருந்தன. உள்ளங்கையில் தோல் உரிந்து இரத்தம் கட்டியிருந்தது. ஆனால் திறக்காததற்கு அது காரணமில்லை. அவள் விரலைப் பார்த்தாள், திற என்று மனசுக்குள் சொன்னாள். இஸ்ரவேல் ஊர்ந்து வந்து முன்போலவே ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"என்னம்மா?" என்றாள் பியூலா.

"நீயே வச்சுக்கோ. இன்னும் என் கையில கதவு இருக்குட்டி."

பியூலா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாயின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். வெளியே மழை குறையவும், ஒருவர் ஒருவராகத் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க எழுந்து போனார்கள். ஜெபகனி எழுந்திருக்கவில்லை. மூடிய கை இரண்டையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுவதும் பேத்தியைத் தொடவே இல்லை.